ஷீட் ரூமில் குளிரை நிறுத்திய வேலை

சென்னையில் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள், மார்கழி விடியற்காலையில் தண்டையார்பேட்டை மாடியில் ஷீட் போட்ட ரூமில் ஒரு ராத்திரி பாயில் படுத்துப் பார்க்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய பதிவு. இப்போதெல்லாம் ஜனவரி விடியலில் 20, 21 டிகிரிதான் இருக்கும். எண்ணாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வயது அறுபதைத் தாண்டி, சர்க்கரையும் இருக்கிற ஒருவர், ராத்திரி முழுக்க அந்த ரூமில் படுத்து, விடிவதற்கு முன்பே எழுந்து காசிமேட்டுக்கு ஏலத்துக்குப் போய், அப்புறம் மதியம் வரை ஐஸில் கை வைத்து மீன் விற்றால் அந்த 20 டிகிரி வேறு மாதிரி வேலை செய்கிறது. அந்த ஒருவர் என் அம்மா.

நான் ஏசி, கோல்ட் ரூம் மெக்கானிக். வெளிச்சூடு உள்ளே வராமல் தடுப்பதுதான் என் பிழைப்பு. உள்சூடு வெளியே போகாமல் தடுக்கவும் அதே பொருள்கள், அதே கணக்குதான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு கிட்டத்தட்ட 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. தூங்கும்போது கொஞ்சம் குறையும். எங்கள் ஊர்க் குளிருக்கு அதுவே போதும், அதைத் தப்பவிடாமல் பிடித்து வைத்தால். ரூம் ஹீட்டர் வாங்கலாம் என்று தம்பி சொன்னபோது வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

முதலில் அளந்தேன். வேலைக்குப் பயன்படுத்தும், தொடாமலே ஒரு பொருளின் மேற்பரப்புச் சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் மீட்டரையும், ஒயர் வைத்த சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு, வானம் தெளிவாக இருந்த ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தேன். வெளிக்காற்று 20.5. ரூம் காற்று 21. ஷீட்டின் அடிப்பக்கம் 18. தரை 23.

ஷீட் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கிறதே என்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மேகம் இல்லாத ராத்திரியில் கூரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு வீசிவிடுகிறது. மெல்லிய ஷீட் வெப்பத்தைச் சேர்த்து வைப்பதும் இல்லை. அதனால் சுற்றியிருக்கும் காற்றையும் தாண்டி அது இறங்கிவிடும். நாம் மூச்சில் விடும் ஈரம் அதன் அடியில் பட்டுத் துளியாகிச் சொட்டுகிறது. அம்மா பல வருஷமாக "பனி இறங்குது" என்று சொல்லிக்கொண்டு தலைக்குத் துணி கட்டிப் படுத்தது அந்தச் சொட்டுக்காகத்தான். போதாததற்கு, 33 டிகிரியில் இருக்கும் முகத்துத் தோல், எதிரே 18 டிகிரி ஷீட்டைப் பார்த்துக்கொண்டு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். காற்றே வீசாவிட்டாலும் முகம் சில்லென்று இருப்பது அதனால்.

தரைக் கணக்கு இன்னும் முக்கியம். மீட்டரில் தரைதான் ரூமிலேயே சூடான இடம், கீழ் வீட்டின் தளம் அது. ஆனால் படுத்திருப்பவரிடமிருந்து அதிக வெப்பத்தை உறிஞ்சுவதும் அதுதான். சிமெண்ட், அசையாத காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒற்றைக் கோரைப்பாய் அதற்குத் தடையே இல்லை. மேலே இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு கீழே பாயோடு படுத்திருப்பவர்களுக்கு விடியலில் இடுப்பு வலிப்பதும் கால் மரப்பதும் இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூரை வேலையில் முதலில் சொல்ல வேண்டியது: ஷீட்டில் கை வைக்கவே இல்லை. எங்களுடையது பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட். அதில் துளை போட்டாலோ, அறுத்தாலோ, உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். அவை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. புற்றுநோய்வரை கொண்டுபோய் விடும், அதுவும் பல வருஷம் கழித்து. ஷீட்டில் ஸ்க்ரூ அடித்துத் தெர்மோகோல் ஒட்டித் தருகிறேன் என்று வருபவர்களை அனுப்பிவிடுங்கள். ஒட்டடைகூட ஈரத்துணி கட்டிய கோலால் தான் எடுத்தேன், விளக்குமாறால் அடிக்கவில்லை.

அதனால் ஷீட்டைத் தொடாமல், அதற்குக் கீழே ஒன்றரை அடியில் தனியாக ஒரு கூரை. பத்துக்குப் பன்னிரண்டு ரூம். செங்கல் சுவரில் மட்டும் துளை போட்டு, ஃபிஷர் (ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் முளை) அடித்துக் கொக்கி மாட்டி, பத்தடிப் பக்கமாக இரண்டடிக்கு ஒன்று என்று ஜிஐ கம்பி இழுத்தேன். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு முனையில், திருகி இறுக்க டர்ன்பக்கிள். இது இல்லாமல் கட்டினால் கொஞ்ச நாளில் கம்பி தொய்ந்து மேலே போட்டது வயிறு இறங்கிவிடும். கம்பி மேல் இரண்டு பக்கமும் அலுமினியம் ஃபாயில் உள்ள பபிள் ஷீட். வெயிலுக்காக வாங்குவார்களே, அதேதான். நான்கடி அகல ரோல். ஓரத்தோடு ஓரம் இரண்டு அங்குலம் ஏற்றிப் போட்டு ஃபாயில் டேப் ஒட்ட வேண்டும். அதனால் பரப்பளவுக்குக் கணக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். சுவர் ஓரத்தில் பபிள் ஷீட்டை மடித்து, அதன் மேல் மர ரீப்பர் வைத்து ஸ்க்ரூ அடித்தேன்.

ஃபாயில் வேலை செய்யும் விதம் தெர்மோகோலிலிருந்து மாறுபட்டது. பளபளப்பான அலுமினியம் தன் மேல் படும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், தானும் மிகக் குறைவாகவே வெளியே விடும். ஆனால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் இது நடக்கும். ஷீட்டோடு ஒட்டி அடித்துவிட்டால் பாதிப் பலன் போய்விடும். எங்கள் தெருவிலேயே சில வீடுகளில் அப்படித்தான் ஒட்டி அடித்திருக்கிறார்கள். பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். ஷீட் அலை அலையாக இருப்பதால் சுவரின் மேல் வரிசைக்கும் அதற்கும் நடுவே வளைவு வளைவாகச் சந்து இருக்கும். எல்லாரும் அந்தச் சந்தைத்தான் முதலில் சிமெண்ட் வைத்து அடைப்பார்கள். நான் அதைத் திறந்தே விட்டேன். உள்கூரைக்கு மேலே இருக்கும் இடம் காற்றாடக் காய வேண்டும், இல்லாவிட்டால் ஷீட்டில் சேரும் ஈரம் அங்கேயே நின்று பூஞ்சை பிடிக்கும். காற்றை நிறுத்தும் கோடு இப்போது ஃபாயில்தான். அதை ஒரு பக்கமாக இரண்டு அங்குலம் சரிவாகவும் கட்டினேன். மேலே சொட்டுகிற துளி ஓரமாக ஓடி, சுவரில் வைத்த சின்னக் குழாய் வழியே வெளியே போய்விடும்.

கரண்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். ஃபாயில் உலோகம். கூரையோரம் டேப் சுற்றிய பழைய ஒயர் ஜாயிண்ட் ஏதாவது அதில் பட்டால் கூரை முழுக்கக் கரண்ட் பாயும். முதலில் எல்லா ஒயரையும் பிவிசி குழாய்க்குள் போட்டு, ஜாயிண்ட் எல்லாம் பெட்டிக்குள் கொண்டுவந்து, மெயினில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரோலைப் பிரித்தேன். ஃபேன் கம்பியைச் சுற்றி வெட்டிய இடத்தில் ஏசி குழாய்க்குச் சுற்றும் நைட்ரைல் ரப்பரில் ஒரு துண்டு சுற்றி அடைத்தேன்.

முடித்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "இன்னாடா இது, வூட்ட ஐஸ் பொட்டியாட்டம் ஆக்கி வச்சிக்கீற." சரியாகவே சொன்னார். ஐஸ் பெட்டியின் வேலையும் இதுவேதான்.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பளபளப்பான ஃபாயிலை இன்ஃப்ராரெட் மீட்டரால் நேராகப் பார்த்தால் தப்பான எண் காட்டும். எதிரே இருப்பதன் பிரதிபலிப்பையே அது படிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு விரல் நீளம் ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, அந்த டேப்பின் மேல் பார்க்க வேண்டும்.

கதவு, ஜன்னல் சந்துகளுக்கு ஊதுபத்திதான் கருவி. ஃபேனை நிறுத்திவிட்டு, கொளுத்திய பத்தியை ஓரங்களில் நகர்த்திக்கொண்டே போனால் புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று வருகிறது. கதவடியில் பிரஷ் பட்டி, ஜன்னல் ஓரத்தில் ஃபோம் டேப். இது சின்ன வேலை. எதை மூடக்கூடாது என்பது அதைவிட முக்கியம். தூங்குகிற ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ஒரு ராத்திரியில் கால் லிட்டர் அளவுக்கு ஈரத்தை வெளியே விடுகிறார். முழுக்க அடைத்தால் ரூம் புழுங்கி, ஈரமாகி, அதுவே குளிராகத் திரும்பும். வடசென்னையில் கார்த்திகை, மார்கழி மழைக்காற்று வடகிழக்கிலிருந்து, கடல் பக்கமாக வரும். தை விடியலில் காற்று திரும்பி நிலத்துப் பக்கமாக, வடமேற்கிலிருந்து வரும். இரண்டுக்கும் முதுகு காட்டி நிற்பது தெற்குச் சுவர். அந்தச் சுவரின் வென்டிலேட்டரை எப்போதும் திறந்து வைத்திருக்கிறேன். போகி விடியல் மட்டும் விதிவிலக்கு. குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, மேலே கொஞ்சம் சூடான காற்று மூடிபோல் நின்றுவிடுவதால் டயர்ப் புகை மேலே ஏற முடியாமல் தெருவிலேயே கிடக்கும். அன்றைக்கு வெயில் ஏறும்வரை எல்லாவற்றையும் சாத்திவிடுகிறோம்.

படுக்கைக்கு வேலையில் மிஞ்சிய 13 மில்லிமீட்டர் நைட்ரைல் ஷீட். இதன் உள்ளே ஒன்றோடொன்று சேராத சின்னச் சின்னக் காற்று அறைகள். தண்ணீர் குடிக்காது, உடம்புக் கனத்தில் முழுக்க நசுங்காது. தரையில் அது, மேலே கோரைப்பாய், அதற்கு மேல் ஜமுக்காளம், கடைசியில் இலவம்பஞ்சு மெத்தை. நைட்ரைல் கிடைக்காதவர்கள் பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு, மூன்று அடுக்கு போட்டு மேலே சாக்கு விரித்தாலும் நல்ல பலன் இருக்கும், ஆனால் அட்டை ஈரமானால் மாற்ற வேண்டும். இலவம்பஞ்சை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதன் இழை உள்ளே குழாய்போலக் காலியாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைக்கும், ஈரத்தை எளிதில் இழுக்காது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் சட்டைக்குள் இதைத்தான் திணித்தார்கள். போடிப் பக்கம் விளைகிற நல்ல பஞ்சு இன்னும் கடைகளில் கிடைக்கிறது. வெயில் அடிக்கும் நாளில் மெத்தையை மாடிச் சுவரில் போட்டுத் தட்டி எடுத்தால் மறுபடி உப்பிக்கொள்ளும்.

போர்வைக்குக் கடைக்குப் போகவில்லை. அம்மாவின் பழைய கைத்தறிச் சேலைகளை அடுக்கி, நடுவில் ஒரு பழைய மெல்லிய கம்பளியை வைத்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்தார். ஒரு கனமான போர்வையைவிட இந்த அடுக்கு கதகதப்பாக இருக்கும், ஒவ்வொரு மடிப்புக்கு நடுவிலும் காற்று நிற்பதால்.

இதெல்லாம் முடிந்த பிறகு, வெளியே அதே 20.5 டிகிரி இருந்த ஒரு விடியலில் ரூம் காற்று 24. டேப் ஒட்டிப் பார்த்த உள்கூரை 23. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் குளிர் நாடுகளுக்குச் சொல்கிறது. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடுதலாக வேண்டும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், வயதானவர்களுக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் சக்தியும் குறைவு. நமக்கு 18 எளிதாகக் கிடைத்துவிடுகிறது. சொட்டும் ஈரத்தையும் தரையையும் கவனித்தால் போதும்.

கரி அடுப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மழை நாளில் சட்டியில் கரி போட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கரி கனிந்து, புகை நின்றுவிட்டது என்று நினைக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக ரத்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்கள். நான் செய்ததுபோல் சந்துகளை அடைத்த ரூமில் இது இன்னும் ஆபத்து. எரிகிற எதையும் தூங்கும் ரூமுக்குள் கொண்டு வராதீர்கள், தயவுசெய்து.

சுடுதண்ணீர்ப் பையிலும் ஒரு கவனம். சர்க்கரை உள்ளவர்கள் பலருக்குப் பாதத்தில் சூடு சரியாகத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். படுக்கப் போவதற்கு முன் அம்மாவின் படுக்கையில் கால் வைக்கும் இடத்தில் பையை வைத்துச் சூடேற்றிவிட்டு, அவர் படுத்ததும் எடுத்துவிடுகிறோம்.

வெளியே செய்தது வேறு வகை வேலை. அங்கே கூரையும் இல்லை, சுவரும் இல்லை. காற்று, ஈரம், ஐஸ் மூன்றும் சேர்ந்து வரும்.

காசிமேட்டில் ஏலத்துக்கு வரும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல யோசனை அது. அதன் மேலேயே கட்டினேன். உள்ளே உடம்போடு ஒட்டிய பருத்தி பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் காற்றை நிறுத்த மெல்லிய ரெயின்கோட் மேல்சட்டை. எம்.சி. ரோட்டில் வாங்கிய ஸ்வெட்டரை அம்மா முதலில் மேலே போட்டுக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரின் கண்ணிகள் வழியே காற்று புகுந்து உள்ளே பிடித்து வைத்த சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அதையே ரெயின்கோட்டுக்கு உள்ளே போட்டபோது பாதிக் கனமான ஸ்வெட்டரே போதுமாக இருந்தது. கூடை தூக்கி வியர்த்தால் பட்டனைத் திறந்துவிட வேண்டும். வியர்வையில் நனைந்த பருத்தி, உட்கார்ந்த பிறகு உடம்பைக் குளிரவைக்கும். பையில் காய்ந்த பனியன் ஒன்று எப்போதும் இருக்கிறது, விற்க உட்காருவதற்கு முன் மாற்றிக்கொள்ள.

காலுக்கு, வார்ஃப் (படகு அணையும் மேடை) தண்ணீரில் ரப்பர் செருப்பு போதாது. ஒரு அளவு பெரிய கம்பூட் வாங்கி, பாத வடிவத்தில் நைட்ரைல் வெட்டி உள்ளே போட்டேன். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும் என்பதால்தான் ஒரு அளவு பெரிது.

கைதான் கஷ்டம். விரல் மரத்துப்போய், சில நாள் வெளுத்தும் போகவே, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஐஸிலிருந்து கையை விலக்கி வையுங்கள் என்றார்கள். மீன் விற்பவர் எப்படி விலக்கி வைப்பார்? கையுறையைக் காட்டியதும் அம்மா, "கிளவுசு போட்டா மீனு கையில நிக்காதுடா" என்று தள்ளிவிட்டார். வெட்டும்போது கையுறை ஆபத்து என்பதும் உண்மை, கத்தி வழுக்கும். அதனால் கையை மாற்றுவதை விட்டுவிட்டு வேலையின் வரிசையை மாற்றினோம். வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம் பெட்டிக்குள் கை விடுவதற்குப் பதிலாக, சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே தடவையில் எடுத்து, கீழே ஐஸ் பரப்பிய தட்டில் அடுக்கி, மேலே ஈரச் சாக்கு. அந்த ஒரு தடவைக்கு மட்டும் உள்ளே மெல்லிய பருத்தி, வெளியே நீளமான ரப்பர் கையுறை. ஐஸ் அள்ளக் கைப்பிடி வைத்த மக். கடல் தண்ணீர் சேர்ந்த ஐஸ் சுழியத்துக்கும் கீழே போகும், சாதாரண ஐஸைவிட அதிகமாகக் கடிக்கும். அதனால் பெட்டியின் அடியில் தேங்கும் உப்புத் தண்ணீரை அடிக்கடி வடித்துவிடுகிறார். மரத்த விரலைச் சுடுதண்ணீரில் விடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் விட வேண்டும், மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கடைசியில் நன்றாகத் துடைத்துத் தேங்காய் எண்ணெய்.

குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும் என்று வார்ஃபில் சொல்பவர்கள் உண்டு. சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு வந்ததுபோல் தெரியும். உள்ளே இருக்கும் சூடு வெளியேறுவதுதான் அது. ஃபிளாஸ்க்கில் டீ போகிறது அம்மாவுடன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அம்மா உட்காரும் இடத்துக்குப் பின்னால் கட்டிய தடுப்பு. தார்ப்பாய் கட்டினால் காற்றில் பாய்மரமாகி கம்பையே பிடுங்கும். அதைத் தாண்டி வரும் காற்றும் சுழன்று முதுகிலேயே அடிக்கும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கிற ஓட்டைத் தடுப்புதான் நன்றாக வேலை செய்யும். வயல் ஓரத்தில் மரவரிசை வைப்பதன் கணக்கும் அதுவே. கழித்துப் போட்ட பழைய இழுவை வலையை வார்ஃபில் வலை பின்னும் அண்ணன் ஒருவரிடம் கேட்டு வாங்கி, நான்கு மடிப்பாக மடித்து, இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவே கட்டினேன். உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஓரடி வரும் உயரம். ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன், வலைக்கு வெளியே கிடையாகப் பறந்த புகை உள்ளே கொஞ்சம் சாய்ந்து மேலே ஏறியது. பக்கத்தில் கீரை விற்கும் அக்காவும் இப்போது தன் கூடையை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். உட்காரும் பலகைக்கு அடியில் உடைந்த மீன் பெட்டியின் தெர்மோகோல் மூடி.

எதிர் வீட்டு மாடியில் இருப்பவர்களும் இதேபோல் உள்கூரை போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கேஸ் அடுப்பும் அதே ரூமில் இருக்கிறது. பபிள் ஷீட்டில் இருப்பது பிளாஸ்டிக், எரியும். அதனால் முதலில் அடுப்பு மூலைக்குத் தனியாகத் தகரத் தடுப்பும் மேலே புகைபோக்கியும் வைத்து, அந்த மூலையில் நான்கடியை விட்டுவிட்டுத்தான் கம்பி இழுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கப் போகிறேன்.